இரு கோடியிலும் ஏன் யாரும் குடியில்லை

அந்தக் காலத்தில், இயந்திரங்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையின் நெட்வொர்க் ஒரே நீளத் தெருவாக இருந்தது. பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எண்கள். எண்ணுக்கு ஓர் இயந்திரம்.

பூஜ்யத்தில் சர்வர் குடியிருந்தது. தெருவுக்குப் பெயரே பூஜ்யம்தான் என்பதால், தெருவைப் பற்றி யார் எது கேட்டாலும் கடிதம் அதன் வாசலுக்கே போகும். கடைசி எண்ணில் இருந்த பிரிண்டருக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பொறாமைப்பட மனிதராய்ப் பிறந்திருக்க வேண்டும் என்றில்லையே. காகிதம் கக்கிக் கக்கி உழைப்பது நான், பெயர் அவனுக்கா என்று பக்கத்து வீட்டு எடை மெஷினிடம் தினமும் புலம்பும். எடை மெஷின் பஞ்சுப் பொதியை நிறுத்தபடியே பொறுமையாகக் கேட்கும். பிரிண்டருக்கு இருந்த ஒரே துணை அது.

பொதுச் சேதி எதுவானாலும் கடைசி எண்ணுக்குத்தான் வரும். அங்கிருப்பவர் அதை வாங்கித் தெரு முழுக்கக் கூவ வேண்டும். பிரிண்டர் முணுமுணுத்துக்கொண்டே கூவிவந்தது.

ஒரு மழை நாளில், ஆலையின் மின்சாரத்தைக் கவனித்துவந்த யூபிஎஸ் பதறிப்போய்க் கடைசி எண்ணுக்குச் சேதி அனுப்பியது: மின்சாரம் தாறுமாறாக ஏறுகிறது, எல்லோரும் உடனே அணைந்துவிடுங்கள். சர்வர் கருகட்டும் என்று பிரிண்டருக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு இனித்தது.

"என்ன சேதி அண்ணாச்சி?" என்றது எடை மெஷின்.

சொன்னால் இது ஊரைக் கூட்டிவிடும் என்று பிரிண்டர் பயந்தது. "என் வாசலுக்கு வந்தது. எனக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் அணைந்துகொண்டது.

சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குத் தனிக் காப்பு இருந்தது. ஏறிய மின்சாரம் பாய்ந்தது தெருவின் கடைசிப் பக்கத்தில். பிரிண்டர் கண் விழித்தபோது கருகிக் கிடந்தது எடை மெஷின்தான்.

நெட்வொர்க்கைக் கட்டிய இசக்கியம்மாள் வந்து விசாரித்தாள். பிரிண்டர் எதையும் மறைக்கவில்லை. "என்னை எங்க வேணும்னாலும் போடுங்க தாயி. அந்தக் கடைசி வீட்ல மட்டும் இனி யாரையும் வைக்காதீங்க" என்று அழுதது.

"முதல் வீடும் வேண்டாம். அதைப் பாத்துத்தானே உனக்கு எரிஞ்சது" என்றாள் அவள்.

சர்வரின் முகம் தொங்கிப்போனது. இசக்கியம்மாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் குமைச்சல் ஆலை முழுக்கப் பரவக் கூடாது என்று, தெருவை அறுபத்து நான்கு எண்கள் கொண்ட நான்கு சிறு தெருக்களாக வெட்டினாள். ஒவ்வொன்றிலும் முதல் எண்ணைத் தெருவின் பெயருக்கு விட்டாள். கடைசி எண்ணைப் பொதுச் சேதிக்கு விட்டாள். அங்கே சொன்னால் யார் கையும் படாமல் எல்லார் காதிலும் விழும்.

அன்று முதல்தான், தெருவை எப்படி வெட்டினாலும் எண்களைவிட இரண்டு பேர் குறைவாகவே, அறுபத்து நான்குக்கு அறுபத்திரண்டு என்று, குடியிருக்கிறார்கள்; எவ்வளவு பெரிய சர்வர் வந்து கேட்டாலும் இரு கோடி வீடுகளும் பூட்டியே கிடக்கின்றன.