டி'ரோஸ் கரையேறிய செய்தி

ஆலந்துறை மீனவர் சங்கத்தில் கணினிப் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்த குமரகுருபரனுக்கு ஐம்பத்திரண்டு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

புயல் வாரத்தில் அவர் தனியாக ஓர் இணையப் பக்கம் செய்தார். படகுக்காரர் எந்தத் துறையில் கரையேறினாலும் போனிலிருந்து நாலு வார்த்தை அனுப்பினால் போதும். அது சர்வருக்கு வந்து, சங்க வாசலில் மாட்டியிருந்த பெரிய திரையில் தெரியும். பெண்கள் அதன் முன்னாலேயே நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் திரை வெறுமையானது.

யாரோ ஒருவன் அனுப்பிய செய்திக்குள் பட்டியலை அழிக்கும் கட்டளை இருந்தது. திரை அதைக் காட்டவில்லை, செய்து முடித்துவிட்டது. கரை சேர்ந்த பதினேழு பெயர்களும் மறைந்தன. வாசலில் அழுகை கிளம்பியது. ஜெசிந்தா அந்தச் செய்தியைத் தனியே எடுத்துவைத்துவிட்டுப் பெயர்களை மீட்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடமும் வாசலில் நின்றவர்களுக்கு ஒரு படகும் திரும்பவில்லை.

குமரகுருபரன் அன்று சாப்பிடவில்லை. கட்டளைகளில் வரும் கோண அடைப்போ, ஒற்றை அல்லது இரட்டை மேற்கோள் குறியோ இருந்தால் அந்தச் செய்தியைத் தனியே ஒதுக்கும்படி சர்வரில் ஒரு தடுப்பு எழுதினார்.

மறுநாள் ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"பக்கத்துல நின்ன எல்லாரு வீட்டுப் பேரும் வந்துட்டு. எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் வரல."

"பேரு என்னம்மா?"

"லூர்து டி'ரோஸ்."

ஜெசிந்தா ஒதுக்கப்பட்ட செய்திகளைத் திறந்தாள். முதலாவதே அதுதான். லூர்து டி'ரோஸ், குளச்சல், நலம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே வந்திருந்தது.

அவள் அதை வாசித்துக் காட்டினாள். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு மற்றவர்களிடம் சொல்ல ஓடினாள்.

குமரகுருபரன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பேர்ல ஒரு சின்னக் குறி. அதுக்காக விடிய விடிய அந்தம்மாவ நிக்க வச்சிட்டேன்."

"ஆமா."

"தடுப்ப எடுத்தா நேத்து அழிச்சவனும் வருவானே. யார நம்புறது, டீச்சர்?"

"இதுக்கு முன்ன என்ன வேல பாத்தீங்க?"

"துறைமுகத்துல மைக்ல அறிவிப்பு வாசிச்சேன்."

"மைக்க அணைச்சிட்டு எந்திரிச்சுப் போன்னு ஒரு சீட்டு வந்தா?"

"அதையும் வாசிப்பேன்."

"அணைக்க மாட்டீங்களா?"

"சீட்டுல உள்ளத வாசிக்கிறதுதானே என் வேல, செய்யுறதில்லயே." சொல்லிவிட்டு வாசல் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெசிந்தா தடுப்பை எடுத்தாள். திரையில் எது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் டெம்ப்ளேட்டைத் திறந்தாள்.

"செய்தி வந்து உக்காருற வரி எது?"

அவர் காட்டினார். பெயர் மட்டும் தடித்த எழுத்தில் தெரியட்டும் என்று, வருவது எதுவானாலும் பக்கத்தின் நிரலில் ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்.

"அத அழிங்க. ரெட்டைச் சுருள் அடைப்பு போட்டு, நடுவுல செய்திக்கு நிரல்ல வச்ச பேர மட்டும் எழுதுங்க. அதுக்குள்ள என்ன வந்தாலும் பக்கத்தக் கட்டுற ஃப்ரேம்வொர்க் எழுத்தாத்தான் காட்டும், கட்டளையா செய்யாது."

"தடிச்ச எழுத்து போயிருமே."

"அத நம்ம தனியா போட்டுக்கலாம். அனுப்புறவங்க போட வேண்டாம்."

அவர் எழுதினார். அவள் செவ்வாய்க்கிழமை பட்டியலை அழித்த செய்தியை எடுத்துத் தானே மறுபடி அனுப்பினாள். குமரகுருபரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

திரை வெறுமையாகவில்லை. பெயர்களுக்கு நடுவே அடைப்பும் குறியுமாக, யாருக்கும் விளங்காத ஒரு வரி வந்து நின்றது. அதற்குக் கீழே, தடுப்பிலிருந்து விடுபட்ட லூர்து டி'ரோஸ். வாசலில் யாரோ அந்தப் பெயரை உரக்க வாசித்தார்கள். பின்னும் இரண்டு பேர் கரையேறிய செய்தி வந்தது.

குமரகுருபரன் அந்த விளங்காத வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அழிச்சிரட்டுமா, டீச்சர்?"

"என்ன அவசரம் அண்ணாச்சி? இப்ப அது வெறும் எழுத்துதானே."