ஈட்டியாகக் கிடந்த தண்டநாயகர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்மலை நாட்டை அதிரவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் மறந்துபோவான், சாயங்காலம் ஏன் நடக்கவில்லை என்று கத்துவான். சபையில் இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே வயிறு வளர்த்தார்கள்.

அந்தத் தலையாட்டிகளுக்கெல்லாம் பெரியவர் தண்டநாயகர் கடம்பராயர். அரண்மனை ஆயுதச்சாலை அவர் பொறுப்பு. சுத்தியல் பிடிக்கத் தெரியாது, மீசை முறுக்க நன்றாகத் தெரியும். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. உலையில் அடித்த ஈட்டி சாணைக்குப் போவதற்கு முன்னாலும், சாணை பிடித்த ஈட்டி காம்பு மாட்டப் போவதற்கு முன்னாலும், அவர் மாளிகை முற்றத்துக்கு வந்து அவர் கை பட்ட பிறகுதான் நகர வேண்டும். அந்தக் கை பட்டால்தான் ஈட்டி கூராகுமாம்!

ஒரு வருஷம் ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. விஜயதசமி ஊர்வலத்தில் வீரர்கள் எல்லார் கையிலும் புது ஈட்டி மின்ன வேண்டும். விசாரித்தால், பாதிகூட முடியவில்லை.

"ஏன் முடியவில்லை?" என்று கத்தினான்.

"கொல்லர்கள் சோம்பேறிகள், மகாராஜா. குடும்பத்தோடு நாடு கடத்திவிட்டு வெளியூர் ஆட்களை வைத்துக்கொள்ளலாம்" என்றார் கடம்பராயர்.

"அப்படியே செய்யும்!"

ஆயுள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் வெந்தவர்களின் வீட்டு அடுப்பை அணைக்க, அவனுக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எழுந்தார் மந்திரி ஆளுடையான். வேலை நடக்கிற இடங்களுக்குப் போய், எங்கே வீணாக நடக்கிறார்கள், எங்கே வீணாகக் காத்திருக்கிறார்கள் என்று கவனித்து ஒழுங்கு செய்வது அவர் பொறுப்பு. ஆயுதச்சாலையிலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"கொல்லர்களை அனுப்ப வேண்டாம், மகாராஜா. அதே ஆட்களையும் அதே இரும்பையும் வைத்தே, ஊர்வலத்துக்குள் எல்லா ஈட்டியும் முடியும்."

கடம்பராயர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு மந்திரி! இவர் முறைத்துப் பார்த்தால் இரும்பு வெட்கப்பட்டுத் தானாகவே நீண்டுவிடுமோ? சரி, முடியாவிட்டால்?"

"அவர்கள் போகிற வண்டியில் என் குடும்பமும் ஏறும். ஆனால், நாளைக்கு ஒருநாள் தண்டநாயகர் ஈட்டியாக இருக்க வேண்டும். ஈட்டி போகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும், அது கிடக்கிற இடத்தில் கிடக்க வேண்டும்."

"நானா?"

"சோம்பேறிகளிடம் அகப்பட்ட ஈட்டி என்ன பாடுபடுகிறது என்று நீங்கள் சொன்னால்தானே சபை நம்பும்?"

கொல்லர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கடம்பராயருக்கு நாக்கு ஊறியது. "சம்மதம்" என்றார். வேடிக்கை என்றால் ராஜாவுக்கும் உயிர்; அப்படியே உத்தரவு போட்டான்.

மறுநாள் கடம்பராயரைப் பலகையில் உட்காரவைத்துக் கொல்லர்கள் உலையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜா பின்னாலேயே பல்லக்கில் வந்தான். மாளிகை முற்றத்தில் ஈட்டிகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் மற்ற கொல்லர்கள் கை கட்டி வெயிலில் நின்றார்கள். பலகையை வரிசையின் கடைசியில் இறக்கிவைத்தார்கள்.

"என்னை ஏன் இங்கே வைக்கிறீர்கள்? சாணைக்குத் தூக்குங்கள்!" என்று அதட்டினார் கடம்பராயர்.

வாயிற்காவலன் குறுக்கே வந்தான். "அய்யா கை படாம இங்கிருந்து எதுவும் நகரக் கூடாதுங்க."

"அடேய், நான்தான்டா அய்யா!"

"இன்னைக்கு நீங்க ஈட்டிங்க. ராஜா உத்தரவு."

"என்னை நானே தொட்டுக்கொள்கிறேன்!"

"ஈட்டி தன்னைத்தானே தொட்டுக்கிட்டா செல்லாதுங்களே."

ராஜா பல்லக்கிலிருந்து எட்டிப் பார்த்தான். "உன் அய்யாவைக் கூப்பிட வேண்டியதுதானே? எங்கே அவர்?"

"அதோ, வரிசையில கடைசியா கிடக்காருங்க."

வெயில் ஏறியது. முறுக்கிவிட்ட மீசை வேர்வையில் தொங்கிவிட்டது. "மகாராஜா, எவ்வளவு நேரம் இப்படியே கிடப்பது?" என்று அழாக்குறையாகக் கேட்டார் கடம்பராயர்.

"நீங்கள் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்து வரும்வரை" என்றார் ஆளுடையான். "தினமும் அவ்வளவு நேரம்தான் ஈட்டிகளும் கிடக்கின்றன, இந்த மனிதர்களும் நிற்கிறார்கள். மகாராஜா, சோம்பல் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?"

ராஜாவுக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அங்கேயே சட்டத்தை ரத்து செய்து, ஆயுதச்சாலையை ஆளுடையானிடம் ஒப்படைத்தான். அவர் உலை, சாணை, காம்பு மாட்டும் இடம் மூன்றையும் அடுத்தடுத்து அமைத்தார். ஒருவர் முடித்ததை அடுத்தவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஊர்வலத்துக்கு முன்பே எல்லா ஈட்டிகளும் தயாராகிவிட்டன. கொல்லர் வீடுகளில் வழக்கம்போல அடுப்பு எரிந்தது. ராஜா எல்லாம் தன்னுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த சபையில் கடம்பராயர் நெளிந்துகொண்டே கேட்டார். "மகாராஜா, இனி நான் எங்கே நிற்பது?"

"வேலை நடக்கிற வழியை மறிக்காத இடமாகப் பார்த்து நில்லும்" என்றான் ராஜா.

சபையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து, தாங்கள் நிற்கிற இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.