வாசலில் ஒரு வார்த்தை

பேச்சு சிகிச்சையில் முதுகலைப் படிப்பு படித்துக்கொண்டிருந்தான் இசக்கிராஜ். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி. இரண்டாம் வருடம் தொடங்கியதும் பேராசிரியை பியூலா அவன் பொறுப்பில் ஒரு நோயாளியை விட்டார்.

அவர் பெயர் சங்கரபாண்டியன். பெரிய ஜவுளிக்கடை வாசலில் நின்று, "வாங்க அண்ணாச்சி, வாங்க மைனி" என்று கும்பிட்டு அழைப்பதே அவர் உத்தியோகம். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை.

"போலே."

'போடா' என்று விரட்டுகிற நெல்லை வார்த்தை. காப்பி வேணுமா என்றால் போலே. பெரிய டாக்டர் வணக்கம் சொன்னால் போலே. சொன்ன பிறகு அவரே பதறி வாயைப் பொத்திக்கொள்வார்.

அவர் மனைவி கோமதி இசக்கிராஜிடம் கெஞ்சினாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை மகளைப் பொண்ணு பாக்க வாராவ. வாங்கன்னு மட்டும் சொல்ல வச்சிருங்க."

அவன் படித்ததையெல்லாம் இறக்கினான். படம் காட்டினான். பாட்டுப் பாடினான். கண்ணாடி முன் உட்காரவைத்து வாயசைத்தான்.

"சொல்லுங்க ஐயா. வா..."

"போலே."

"வா... ங்..."

"போலே!"

புதன்கிழமை அவன் பேராசிரியையிடம் போய் நின்றான்.

"மேடம், அந்த வார்த்தையை எப்படி எடுக்கது?"

"எதுக்கு எடுக்கணும்? அவர்கிட்ட இருக்கதே அது ஒண்ணுதான்."

பியூலா வந்து சங்கரபாண்டியன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சங்கரபாண்டியன் எரிச்சலோடு, "போலே" என்றார்.

"போலே" என்றார் பியூலாவும், அதே எரிச்சலோடு.

சங்கரபாண்டியன் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பியூலா அதையே கேள்வியாகக் கேட்டார். அவர் பதிலாகச் சொன்னார். செல்லமாகச் சொன்னார், அவரும் செல்லமாகச் சொன்னார். கடைசியில் பியூலா எழுந்து, முகம் மலர, தலை தாழ்த்திக் கும்பிட்டு இழுத்துச் சொன்னார்.

"போ...லே."

சங்கரபாண்டியனின் முதுகு தானாக நிமிர்ந்தது. தூக்க வராத வலது கையை விட்டுவிட்டு இடது கையை நெஞ்சில் வைத்தார்.

"போ...லே."

"இதைப் பழகுங்க" என்று சொல்லிவிட்டுப் பியூலா போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இசக்கிராஜும் அந்த வீட்டில் இருந்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சங்கரபாண்டியன் நெஞ்சில் கை வைத்து, சிரித்த முகத்தோடு சொன்னார்.

"போ...லே."

கோமதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வந்தவர் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். சங்கரபாண்டியன் முகத்தையே பார்த்தார்.

"வாரோம் அண்ணாச்சி, வாரோம்!" என்று மற்றச் செருப்பையும் உதறிவிட்டு உள்ளே வந்தார்.

பஜ்ஜி ஆறும்வரை இருவரும் பேசினார்கள். ஒருவர் விவசாயம், அரசியல், முழங்கால் வலி எல்லாம் சொன்னார். மற்றவர் இடையிடையே போலே என்றார். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்துப்போனது. எழும்போது வந்தவர் மகனிடம் சொன்னார்.

"எங்க வீட்ல நான் பேசுததை இவ்வளவு நேரம் யாருலே கேட்டிருக்கிய?"

திங்கட்கிழமை இசக்கிராஜ் முகம் வாடியிருந்தது.

"மேடம், இந்தக் கேஸைத்தான் பரீட்சைக்கு வைக்கணும். புதுசா ஒரு வார்த்தைகூட வரலையே. என்ன முன்னேற்றம்னு எழுத?"

பியூலா நிமிர்ந்து பார்த்தார்.

"புதுசா ஒரு சம்பந்தி வந்திருக்காருல்லா? அதை எழுது."