கரையில் படுத்த காராயி

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்ததைப் போல, அங்கே வாழ்ந்தவர்களுக்கு நெஞ்சு நிறையப் பெருமையும் இருந்தது. "இது வெறும் காடு இல்லை, எங்கள் நாடு" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நாடு என்று ஆகிவிட்டால் அதற்கு ஒரு வீரர் வேண்டாமா? அதனால் ஆண்டுக்கு ஒருவரை நாட்டு வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வழக்கத்தைக் கேளுங்கள், பிள்ளைகளே. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்ததும், கரையோரத்துத் தட்டைப் பாறைமேல் புதுக் களிமண்ணைக் குவித்துப் பரப்புவார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதில் தன் வலது காலைப் பதிக்க வேண்டும். வெயிலில் அது காய்ந்து இறுகிவிடும். அந்தச் சுவடைக் கடந்து போகிறவர்கள் ஆண்டு முழுக்கத் தலை குனிந்துதான் போக வேண்டும். அதுமட்டுமா? வீரர் ஒரு வரம் கேட்கலாம். என்ன கேட்டாலும் நாடு தட்டாமல் தர வேண்டும்.

அந்த ஆண்டு எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான். சிறுத்தை உறுமன்! உடம்பெல்லாம் பொட்டு, நடையெல்லாம் மிடுக்கு. ஏரித் தண்ணீரில் தன் முகத்தைத் தானே பார்த்து ரசிப்பதிலேயே அவனுக்குக் காலைப்பொழுது போய்விடும். வேலை என்ன என்று கேட்கிறீர்களா? அதுதான் வேலை.

அவனைப் புகழ்வதற்கென்றே வாலப்பன் என்று ஒரு குரங்கு இருந்தான். கோடையில் உறுமன் இரண்டு செந்நாய்களை விரட்டியது உண்மை. அதில் ஒன்று நொண்டி என்பதும் உண்மை. வாலப்பன் வாயில் விழுந்ததும் அந்த இரண்டு எட்டாயின. மாமரத்திலிருந்து ஆலமரத்துக்குத் தாவுவதற்குள் எட்டு இருபதாயின. கதை ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு செந்நாய்ப் படையே புறமுதுகு காட்டி ஓடிக்கொண்டிருந்தது!

அதே ஏரியில்தான் காராயி என்ற எருமையும் இருந்தாள். அவளைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இல்லை. விடிந்ததும் ஏரியோரக் குழிக்குள் இறங்குவாள். சேற்றில் புரளுவாள். உடம்பெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டு கரைமேல் ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்ல நடப்பாள். அங்கங்கே நின்று கரைச்சரிவில் விலாவை அழுத்தித் தேய்ப்பாள். குளம்பால் நாலு மிதி மிதிப்பாள். மறுபடி நடப்பாள்.

"பாவம், அவளுக்கு உடம்பு அரிக்குது போல" என்பார்கள் பார்த்தவர்கள்.

அரிப்பாவது, ஒன்றாவது! அந்த மண்கரையில் நண்டுகள் நாள்தோறும் வளை தோண்டும். முதலில் சின்ன ஓட்டைதான். அப்படியே விட்டால் தண்ணீர் கசிந்து கசிந்து நாலு நாளில் குடம் நுழைகிற ஓட்டையாகும். எட்டு நாளில் கரையே போய்விடும். காராயி ஒவ்வொரு வளையாகத் தேடிப்போய்ச் சேற்றால் அடைத்துக்கொண்டிருந்தாள். கரைக்குக் கீழே பள்ளத்தில் முயலும் காடையும் மான்குட்டியும் நிம்மதியாகத் தூங்கியது அந்தச் சேற்றின் தயவில்தான்.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது யானை ராசா கூட்டம் கூட்டினார். வாலப்பன் முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்து குதித்தான்.

"ராசா, ஏரித் தண்ணியைப் பாருங்க, எப்படிக் கலங்கிக் கிடக்கு! நாட்டு வீரர் வந்து நிக்கிறப்ப அவர் உருவம் தண்ணியில பளிச்சுன்னு தெரிய வேண்டாமா? எல்லாம் இந்தக் காராயி பண்ற வேலை!"

உறுமன் தன் மீசையை நக்கிக்கொண்டான். "நான் கேக்கப்போற வரமே அதுதான். இனிமே இந்த ஏரியில எருமைக்கு இடம் கிடையாது. மலைக்கு அந்தாண்ட போய்ப் புரளட்டும்."

காராயிக்குப் பகீரென்றது. அவள் பிறந்த ஏரி அது. சேறு இல்லாமல் எருமை எப்படி உயிர் வாழும்? அவள் போனால் கரைக்குத்தான் யார் இருக்கிறார்கள்?

"ராசா, நான் சேத்துல புரளுறது என் சுகத்துக்கு மட்டும் இல்லைங்க. கரை பூரா நண்டு வளை. நான் போய் அடைக்காட்டி..."

அவளை முடிக்க விட்டால்தானே! "கேட்டீங்களா கதையை?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் வாலப்பன். "கூரையை நான்தான் தாங்குறேன்னு பல்லி சொல்லுச்சாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காராயி வாய் திறக்காமல் நின்றாள்.

"பாருங்க, பாருங்க! எருமை மேல மழை பெய்ஞ்ச மாதிரி நிக்கிறதை!" என்றான் வாலப்பன்.

இன்னொரு சிரிப்பு. ராசா நல்லவர்தான். ஆனால் திருவிழா ஆசை யாரை விட்டது? "எட்டு நாள்தானே, காராயி? விழா முடியுற வரைக்கும் ஏரிப்பக்கம் வராதே. மத்ததை உறுமன் கேக்குற வரத்தைப் பொறுத்துப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

காராயி பொட்டல்காட்டுக்குப் போய் ஒரு வேலமரத்தடியில் நின்றாள். இரண்டாம் நாளே தோல் காய்ந்து வெடித்தது. ஈ மொய்த்தது. அவமானம் வேறு உள்ளே கிடந்து குடைந்தது. அழுதும் பார்த்தாள். 'எக்கேடோ கெட்டுப் போகட்டும், நமக்கென்ன?' என்று கோபமாகப் படுத்தும் பார்த்தாள். முடியவில்லை. கண்ணை மூடினால் கரைதான் வந்து நின்றது. இந்நேரம் பாறைப் பக்கம் பத்து வளை இருக்கும், பனைமரத்து வளைவில் இருபது இருக்கும் என்று மனம் தானாகவே கரைமேல் நடந்துகொண்டிருந்தது.

ஏரியோ கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. உறுமன் மூன்று வேளையும் முகம் பார்த்தான்.

எட்டாம் நாள் விழா. அன்று பார்த்து விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. எதையோ மறந்து வைத்துவிட்டுப் போன விருந்தாளி எடுத்துப்போகத் திரும்பி வந்ததைப் போல, போன மழை திரும்பி வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. காராயியின் வெடித்த தோலுக்கு அது இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நினைப்பெல்லாம் நிறைந்த ஏரிமேல்தான்.

அப்போது பள்ளத்தில் குடியிருக்கும் முயல் குட்டைச்செவி, நனைந்து நடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"காராயி அக்கா! எங்க வளைக்குள்ள தண்ணி ஊறுது! குட்டிங்க அஞ்சும் நனைஞ்சு கிடக்குதுங்க. ராசாகிட்டச் சொல்லப் போனா, 'மழைத்தண்ணிதான், போ! விழா நேரத்துல அபசகுனமாப் பேசாதே'ன்னு வாலப்பன் விரட்டுறான்."

"ஊறுற தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா?"

"கலங்கல் அக்கா. செம்மண்ணாக் கலங்கி வருது."

காராயி துள்ளி எழுந்தாள். "அப்படின்னா கரை உள்ளுக்குள்ள கரையுது! நீ ஓடு. குட்டிங்களைக் கவ்விக்கிட்டு மேட்டுக்குப் போ. பள்ளத்துல இருக்கிற அத்தனை பேரையும் கிளப்பு!"

"நீங்க ஏரிப்பக்கம் வரக்கூடாதுன்னு..."

"தண்டனையை அப்புறம் வாங்கிக்கிறேன்டி. நீ ஓடு!"

அங்கே பாறையடியில் விழா களைகட்டியிருந்தது. மழையாவது இடியாவது! களிமண்மேல் வாழையிலை மூடி, சுற்றிலும் பூவைத்து, வாலப்பன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "நாப்பது செந்நாயைத் தனியா விரட்டின நம்ம நாட்டு வீரர்..." உறுமன் இலையை விலக்கி, வலது காலை அழகாகத் தூக்கினான்.

தடால்!

பனைமரத்து வளைவில் ஒரு ஆள் உயரத்துக்குக் கரை சரிந்து விழுந்தது. ஏரித் தண்ணீர் அந்த வாய் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துப் பாய்ந்தது. பள்ளத்திலிருந்து எழுந்த கூக்குரல் எல்லாருடைய காதிலும் விழுந்தது. குட்டைச்செவி சொன்னதை நம்பி மேடேறியவர்கள் பாதிப் பேர்தான்.

யானை ராசா ஓடிப்போய்க் கரைமேல் கால் வைத்தார். அவர் கனத்துக்கு இன்னும் ஒரு பாளம் பிளந்து சரிந்தது. பதறிப்போய்ப் பின்வாங்கினார்.

"உறுமா! நீதானே வீரன்? ஏதாவது செய்!"

உறுமன் எங்கே? மருதமரத்து உச்சிக்கிளையில் இருந்து குரல் வந்தது. "ராசா, எனக்குத் தண்ணின்னாலே ஆகாதுங்க. செந்நாய் ஏதாச்சும் வந்தாச் சொல்லுங்க, இறங்கி வர்றேன்!" அவனுக்கு ஒரு கிளை மேலே வாலப்பன் இருந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் வாய் மூடியிருந்தது.

அப்போதுதான் தொம் தொம்மென்று மண் அதிரக் காராயி வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராகப் போய், உடைந்த வாயில் இறங்கி, குறுக்கே படுத்தாள். தண்ணீர் அவள் விலாவில் மோதி, சுழன்று, நின்றது. ஆனால் தலைப்பக்கமும் வால்பக்கமும் இன்னும் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"ராசா! கரைமேல கால் வைக்காதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் காடே திரும்பிப் பார்த்தது. "கீழ்ப்பக்கமா வந்து மரத்தைப் போட்டு முட்டுக் கொடுங்க. மத்தவங்க சேறு அள்ளிக்கிட்டு வாங்க! மணல் ஆகாது, நிக்காது. நான் புரளுற குழியில இருக்கே, அந்தக் கறுப்புச் சேறு!"

இத்தனை நாள் அருவருப்பாகப் பார்த்த சேறு அது. இப்போது மான் கொம்பால் வாரியது. பன்றி மூக்கால் தள்ளியது. காடைகள்கூட அலகு அலகாகக் கொண்டுவந்து கொட்டின. ராசா மரத்தின்மேல் மரமாக இழுத்துப் போட்டார். குழிச்சேறு தீர்ந்துவிட்டது. ஆனால் ஓட்டை அடைபடவில்லை.

"அந்தப் பாறைமேல களிமண் இருக்கே!" என்று கத்தினாள் காராயி.

"ஐயய்யோ!" என்றான் வாலப்பன் உச்சியிலிருந்து. "அது வீரருக்கு வச்சதாச்சே!"

"கொண்டாங்கடா அதை!" என்று பிளிறினார் ராசா. தானே போய்த் துதிக்கையால் பூவையும் இலையையும் ஒதுக்கித் தள்ளினார். களிமண் முழுவதையும் வாரி வந்து, காராயியைச் சுற்றி அப்பி அழுத்தினார்.

தண்ணீர் நின்றது.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பள்ளத்தில் ஒரு குஞ்சுக்கும் சேதமில்லை. கூட்டம் ஆர்ப்பரித்த ஆர்ப்பரிப்பில் மழையே பயந்து ஓடிவிட்டதோ என்னவோ, உச்சிப்பொழுதில் வெயில் அடித்தது.

"எழுந்திரு தாயி" என்றார் ராசா.

"இப்ப எழுந்தா பச்சை மண்ணு பிட்டுக்கிட்டுப் போயிடும் ராசா. காயட்டும்."

இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். குட்டைச்செவியும் குட்டிகளும் புல் கொண்டுவந்து ஊட்டின. மூன்றாம் நாள் கரை இறுகியது. காராயி மெல்லத் தன் உடம்பைப் பெயர்த்து எழுந்தாள்.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வீரரின் காலுக்கென்று வைத்திருந்த களிமண்ணில் காராயியின் கழுத்தும் விலாவும் தொடையும் முழுசாகப் பதிந்திருந்தன. இத்தனை ஆண்டில் அவ்வளவு பெரிய சுவடை அந்த நாடு பார்த்ததே இல்லை.

முதலில் தலை குனிந்தவர் யானை ராசா. "எருமை மேல மழை பெய்ஞ்ச மாதிரின்னு உன்னை ஏசினப்ப நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன், தாயி. அன்னைக்குக் கொட்டின மழையில நீ ஒரு சாண் அசைஞ்சிருந்தா, இன்னைக்கு இங்கே பாதிப் பேர் இல்லை. நீதான் எங்க நாட்டு வீரர். வரத்தைக் கேளு!"

"காராயி! காராயி!" என்று காடு அதிர்ந்தது. வாழ்நாளில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. காராயிக்குக் கண் கலங்கியது. மருதமரத்திலிருந்து ஒருவழியாக இறங்கி வந்திருந்த உறுமனோ ராசாவின் காலுக்குப் பின்னால் ஒதுங்கினான். தன்னை மலைக்கு அந்தாண்ட துரத்தப்போகிறாள் என்று நினைத்தான்.

"ஒரே வரம்தாங்க" என்றாள் காராயி. "கரை நீளம். நான் ஒருத்தி போதாது. நாளையிலிருந்து விடிஞ்சதும் எல்லாரும் என்கூடச் சேத்துல இறங்கணும்."

"எ... எல்லாருமா?" என்றான் உறுமன் ஈனக்குரலில்.

"எல்லாரும்தான். மொத ஆளா நீ வா, தம்பி."

இந்த முறை கூட்டம் சிரித்த சிரிப்பில் காராயியும் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பிள்ளைகளே! உறுமன் கழுத்தளவு சேற்றில் கிடந்தான். ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை. பக்கத்தில் வாலப்பன் இரண்டு கையிலும் சேற்றை வைத்துக்கொண்டு புதுக்கதை ஆரம்பித்திருந்தான். "அன்னைக்கு நம்ம காராயி அக்கா ரெண்டு ஏரியை ஒத்தை விலாவால தடுத்து..."

"ஒரே ஏரிதான்டா" என்றாள் காராயி, கரைமேல் நடந்துகொண்டே. "போய் அந்த வளையை அடை."

நீதி: நாட்டின் வீரரை மேடையில் தேடாதே, யார் இல்லாவிட்டால் கரை உடையுமோ, அவரே வீரர்.