விரல் பருமன்

சிறுமலை அடிவாரத்தில் தவமணியம்மா என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதுகூட இல்லை. ஆனால் அவரிடம் பாடம் கேட்க வந்து தரையில் உட்காருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருக்கும். அவர் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார். சில நாள் அதுவும் கிடையாது. எழுந்துபோய் ஏதாவது செய்வார். அதுதான் பதில்.

அவருடைய சீடர் சிங்காரவேலு, நூற்பு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அலசாமல் வாங்கமாட்டார். மிக்ஸி வாங்கவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி மரகதத்தோடு வந்தார். ஆட்டோவிலிருந்து நீளமாக இரண்டு பெட்டிகள் இறங்கின.

"என்ன சார் இது?"

"ஹெட்ஜ் ட்ரிம்மர் அம்மா. வேலிச்செடி வெட்டுற மிஷின். கடைக்காரர் தெரிஞ்சவர், ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டிப் பாருங்கன்னு குடுத்திருந்தார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைத் திருப்பிடணும். எதை வச்சுக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"மூணு மாசமா இதே பேச்சு," என்றார் மரகதம். "பிளேடுல எத்தனை பல்லு, பல்லுக்குப் பல்லு எவ்வளவு இடைவெளின்னு. எனக்கு ரெண்டு பல்லு விழுந்தது அவருக்குத் தெரியாது."

"நீ சும்மா இரு."

சிங்காரவேலு பெட்டிகளைத் திறந்தார்.

"வயர் வச்சதை முதல்லயே தள்ளிட்டேன் அம்மா. கொஞ்சம் அசந்தா வயரையே வெட்டிடும். பெட்ரோல் மிஷின் கனம், புகை வேற. பேட்டரிதான் வீட்டுக்குச் சரி. இந்தச் சின்னது கைக்கு அடக்கமா இருக்கு. ஆனா பென்சில் பருமனுக்கு மேல போனா திணறுது. இந்தப் பெரிசு, விரல் பருமன் கிளைகூட வாழைத்தண்டு மாதிரி போயிடுது."

"விரல் பருமனா?"

"ஆமாம்மா. ஒரே தொல்லை என்னன்னா, ரெண்டு கையாலயும் ரெண்டு ஸ்விட்சை அமுக்கிட்டே இருக்கணும். ஒண்ணை விட்டாலும் நின்னுடும். ஏணியில நின்னு எட்டி வெட்ட முடியறதில்லை. அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டேன்."

பெரிய மிஷினைத் தூக்கிக் காட்டினார். இரண்டு ஸ்விட்சையும் அமுக்கி, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இனி பேட்டரியைக் கழட்டினாத்தான் நிக்கும். மில்லுல முப்பத்தி நாலு வருஷம் மிஷினோட பொழைச்சவன் அம்மா நான்."

தவமணியம்மா அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

"இவர் வெட்டும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானா? வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வாசல். வெட்டினது அவங்க கோலத்துமேல விழுந்தா அந்தம்மா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். அதனால பழைய புடவையை விரிச்சு ஏந்திட்டு நிப்பேன். நடுவுல சிக்கினதை இழுத்து விடுவேன்."

"சுளுவான வேலை," என்றார் சிங்காரவேலு.

"சரி. என் மருதாணி வேலியை வெட்டிக் காட்டுங்க சார். வீட்டுல எப்படியோ, அப்படியே. மரகதம்மா, வாங்க, நாம அந்தப் பக்கம் போவோம்."

மருதாணி ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் இலைதான் தெரிந்தது.

சிங்காரவேலு பேட்டரியைச் செருகினார். மிஷின் அலறியது. இலை பறந்தது. பச்சை வாசம் மூக்கில் ஏறியது. ஓர் இழுப்புக்கு ஒரு கை அகலம் சுத்தமானது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா அம்மா வேகத்தை!" என்று கத்தினார். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

பிளேடு எதையோ நறுக்கென்று கடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அலறல்.

"ஐயோ!"

மரகதத்தின் குரல்.

சிங்காரவேலு இரண்டு கையையும் உதறினார். மிஷின் கீழே விழுந்தது. நிற்கவில்லை. பற்களை அடித்துக்கொண்டு துள்ளியது, சுழன்றது, அவர் காலைப் பார்த்து வந்தது. பின்னால் பாய்ந்து மல்லாந்து விழுந்தார்.

"மரகதம்! ஏய் மரகதம்!"

பதில் வந்ததோ என்னவோ, அந்தச் சத்தத்தில் யாருக்குத் தெரியும்? அவர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அது திரும்பியது. கடைசியில் செடியின் தூரில் மண்ணுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உறுமியது. பாய்ந்து பேட்டரியைப் பிடுங்கினார். இரண்டு முறை கை வழுக்கிய பிறகுதான் வந்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தவமணியம்மாவின் இடது கை மரகதத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கையில், வேலியோரத்து மரத்தில் பறித்த ஒரு முருங்கைக்காய். பாதிதான் இருந்தது.

"சிக்கின கிளையை இழுக்கக் கையை உள்ளே விடப் போனாங்க," என்றார் தவமணியம்மா. "நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு இதை விட்டேன்."

சிங்காரவேலு மனைவியின் விரல்களை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பத்தும் இருந்தன.

"ஏன்டி கையை உள்ளே விடற? அறிவு இருக்கா உனக்கு?"

"எப்பவும் விடறதுதானேங்க."

"எப்பவுமா?"

மரகதம் கட்டியிருந்த புடவையின் முந்தானையைப் பிரித்துக் காட்டினார். ஓரத்தில் ஒரு முழத்தைக் காணோம். மடித்துத் தைத்திருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை இது உள்ளே போயிடுச்சு. நல்லவேளை, கிழிஞ்சுக்கிட்டு வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"கத்தினேங்க. மிஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை. நிறுத்தினப்புறம் சொல்லலாம்னு வந்தேன். எப்படி வெட்டியிருக்கேன் பாருன்னீங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டேன்."

சிங்காரவேலு வெட்டிக் குவிந்த இலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, எதை வச்சுக்கட்டும்? எதைத் திருப்பிக் குடுக்கட்டும்?"

தவமணியம்மா மரகதத்தின் கையை அப்போதுதான் விட்டார். மணிக்கட்டில் அவருடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"என்னைக் கேக்காதீங்க சார். உங்க வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறது நான் இல்லை."