எடுத்தவர் மேல் தப்பில்லை

"சாமி, இந்த போனைக் கழட்டி வீசிரலாமா?"

குரு வில்வ இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது என்ன செஞ்சுது உங்களை?"

"தினமும் உச்சிப் பூசை நேரம் பார்த்து அடிக்கு. ஓடிப் போய் எடுத்தா ராங் நம்பர்."

கேட்டவர் பெயர் ஏகாந்தர். காவி கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். குருவைவிட மிகவும் மூத்தவர். அதனால் குரு அவரை 'நீங்க' என்றுதான் சொல்வார். மடத்து போனுக்கு அவரே பொறுப்பு. அன்னதானத்துக்கு யாராவது அரிசியோ பருப்போ தருவதாகச் சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம்.

"ராங்னா என்ன?" என்று கேட்டார் குரு.

ஏகாந்தருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காவி கட்டினாலும் வாத்தியார் வாத்தியார்தான். சாக்பீஸ் இல்லாத விரலைக் காற்றில் ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சரியில்லாதது எல்லாமே ராங்தான் சாமி. கணக்கு தப்பினா ராங். பஸ்ஸுக்காரன் எதிர்ப்பக்கம் ஏறி வந்தா ராங் சைடு. ஒருத்தருக்கு அநியாயம் பண்ணுனாலும் ராங். அதுல இந்த ராங் நம்பர் மட்டும் தனி ரகம்."

"எப்படி?"

"மத்த ராங்குக்கெல்லாம் யார் மேல தப்புன்னு விசாரிக்கணும். இதுக்கு விசாரணையே கிடையாது. தப்பு எப்பவும் கூப்பிட்டவங்க மேலதான். எடுத்தவன் மேல வரவே வராது. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வச்சிரலாம்."

"ரொம்ப சௌகரியமான சொல்லு."

"ஆமா சாமி," என்றார் ஏகாந்தர். சொன்ன பிறகு அவருக்கு என்னவோ போல் இருந்தது.

குரு அடுத்த இலையை எடுத்தார்.

"கூப்பிடுதது யாரு?"

"ஒரு பொம்பளை."

"என்ன கேக்காங்க?"

"'எங்க சார் அங்க வந்தாங்களா'ன்னு கேக்காங்க."

"எந்த சார்?"

ஏகாந்தர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே தாமிரபரணி வெயிலில் கண் கூசும்படி ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் ஒரு ஆளும் இல்லை.

"சோணாசலம் சார்."

"அவர் எங்க?"

"செத்துட்டார் சாமி. போன தை மாசம். நம்ம படித்துறையிலதான்."

இதில் பொய் இல்லை. அந்த மடத்தில் காவி வாங்குகிறவர் முதலில் தனக்குத் தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும். தலையை மழித்து, தன் பெயரைச் சொல்லித் தானே பிண்டம் வைத்து, கட்டியிருந்த வேட்டியையும் பெயரையும் ஆற்றோடு விட்டுவிட்டு ஏறி வர வேண்டும். ஏறி வருகிறவர் வேறு ஆள்.

பிறகு மடத்திலிருந்து ஒருவர் அவருடைய வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று, 'இன்னார் ஆற்றோடு போய்விட்டார்' என்று ஒரே வரி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். சம்மதம் கொடுத்து அனுப்பிய வீட்டுக்கு அந்த வரி புரியும். ஒரு மூச்சு அழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

சோணாசலம் என்பது ஏகாந்தர் ஆற்றில் விட்ட பெயர்.

"தெரிஞ்ச குரலா?" என்றார் குரு.

"பிரமு குரல் மாதிரி இருக்கு." ஏகாந்தர் உடனே திருத்திக்கொண்டார். "பிரமநாயகி. சோணாசலத்தோட வீட்டுக்காரி."

"அவங்ககிட்டயா ராங் நம்பர்னு சொல்லுதீங்க?"

"வேற என்ன சொல்ல சாமி? அப்படி ஒரு ஆள் இல்லையே."

"அதுக்கு அவங்க?"

"'சரிங்க, வேற இடத்துல தேடிப் பாக்கேன்'னு சொல்லி வச்சிருதா. கோபமே கிடையாது. மறுநாள் அதே கேள்வி. அன்னைக்குத்தான் முதல் தடவை கேக்குத மாதிரி கேக்கா. என் குரல் அவளுக்குத் தெரியாதா சாமி? அவ கேக்காத குரலா?"

ஏகாந்தர் கல்மனசுக்காரர் இல்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆற்றில் விட்டதெல்லாம் எதிர்நீச்சல் போட்டு வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று பயம்.

"பின்னால ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேக்குது. கூட்டமா ஆள் பேசுத சத்தம். முதல்ல கல்யாண வீடுன்னு நெனச்சேன். ஆனா ஒரு பாத்திரம் உருளுத சத்தம் இல்லை. ஒரு பிள்ளை அழுத சத்தம் இல்லை. யாரும் சிரிக்கவும் மாட்டேங்காங்க."

குரு துணியைக் கீழே வைத்தார்.

"இந்த போன் என்னைக்கு வர ஆரம்பிச்சுது?"

"ஆடி அமாவாசைக்கு மறுநாள்."

"அமாவாசையன்னைக்கு நீங்க அடுக்களையில சாம்பார் கிண்டிக்கிட்டு இருந்தீங்க," என்றார் குரு. "படித்துறையில ஒருத்தர் என்கிட்ட திருநீறு வாங்க வந்தார். கையில சின்னச் சட்டி. அக்காளோட அஸ்தின்னார். அத்தான் முங்கிப்போன ஆத்துலதான் கரைக்கணும்னு சொல்லிட்டு உயிரை விட்டாங்களாம்."

"முங்கிப்போனவரா? யாரு?"

"இங்கிலீஷ் வாத்தியாராம். தை மாசத்துல ஒருநாள், காவி கட்டுன ஒருத்தர் வந்து வாசல்ல நின்னு, உங்க சார் ஆத்தோட போயிட்டார்னு சொல்லிட்டுப் போனாராம். அந்த அம்மா போட்டது போட்டபடி ஆத்துக்கு ஓடியிருக்காங்க. கீழ்ப் படித்துறையில வேட்டி ஒதுங்கிக் கிடந்திருக்கு. உடம்பைத்தான் காணோம். முகத்தைக்கூட பாக்கலையேன்னு சாகுத வரைக்கும் அதே பேச்சாம்."

ஏகாந்தர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இங்க வந்தன்னைக்கு, வீட்ல சம்மதமான்னு கேட்டேன்."

"சம்மதம்னு சொன்னேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கலை. கேட்டிருந்தா விடமாட்டா."

வெயில் அப்படியே இருந்தது. ஆறு அப்படியே ஓடியது. ஏகாந்தருக்கு மட்டும் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போனது. தினமும் தான் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"பிரமு போயிட்டாளா சாமி? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"செத்தவங்களுக்குச் சாவு சொல்லுத வழக்கம் நம்ம மடத்துல கிடையாது."

அவர் குரலில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. திட்டியிருந்தால்கூட ஏகாந்தருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன் அடித்தது.

ஏகாந்தர் குருவைப் பார்த்தார். 'நீங்க எடுங்க' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. குரு வில்வத் தட்டை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போய்விட்டார்.

மணி நிற்கவில்லை. இத்தனை நேரம் அது என்றைக்கும் அடித்ததில்லை.

கடைசியில் ஏகாந்தர் எடுத்தார்.

"எங்க சார் அங்க வந்தாங்களா?"

வாய் பழக்கத்தில் 'ராங்' என்று திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது.

"பிரமு," என்றார். "நான்தான். சோணாசலம்தான் பேசுதேன்."

அந்தப் பக்கம் கூட்டத்தின் சத்தம் சட்டென்று அடங்கியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இங்கே தெரிந்தது.

"என்னங்க, நீங்களா!" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எங்க போயிட்டீங்க? உங்களைப் பாக்கலாம்னுதானே நானும் வந்தேன். இங்க உங்க அம்மா இருக்காங்க, எங்க அப்பா இருக்காங்க, பேரு தெரியாத பாட்டன் பூட்டனெல்லாம் இருக்காங்க. ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன். உங்களை மட்டும் யாருமே பாக்கலைங்காங்களே!"