ஏழு மடையும் நண்டு வளையும்

ஆவாரங்குட்டைக் கரையில் ஒரு முயலும் ஒரு கீரியும் ஓர் ஆமையும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரைக்காகவா? இல்லை. இடத்துக்காகவா? அதுவும் இல்லை. போன வருஷம் குட்டைத் தவளைகள் பாடிய பாட்டுகளில் தரத்தில் எது முதல் பாட்டு என்பதற்காக!

அந்தத் தவளைகள் சும்மா கத்திவிட்டுப் போகிற ரகம் அல்ல. ஒரு பாட்டை எடுத்தால் பொழுது சாயும்போது தொடங்கி நிலா கிளம்பும்வரை பாடும். நடுவில் தாளம் மூன்று முறை மாறும். ஒருவன் இடியாக முழங்குவான், நாலு பேர் தூறலாக இழைவார்கள், திடீரென்று எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். முடிந்துவிட்டது என்று எழுந்து போனால் ஏமாந்தீர்கள், பாதிதான் ஆகியிருக்கும்! காட்டில் முக்கால்வாசிப் பேருக்கு அது தலைவலி. இந்த மூன்று பேருக்கு மட்டும் அதுதான் உயிர்.

போன வருஷம் நல்ல மழை. நாலு நெடும்பாட்டு வந்தது. அதில் 'ஏழு மடை' என்ற பாட்டின்மேல் முயல் பூளையனுக்குப் பைத்தியம். ஏழு ஏழு தட்டாக ஓடுகிற பாட்டு அது. யாராவது காலால் தாளம் போட்டால் கால் பின்னிக்கொள்ளும். பூளையன் மட்டும் தப்பாமல் போடுவான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

கீரிக்கு 'இடி இறங்கிய கதை'தான் பாட்டு. கீரி தவளை தின்கிறவன்தான். ஆனால் பாடுகிற தவளையைத் தொட மாட்டான். அவ்வளவு ரசனை!

ஆமையாருக்கோ எதுவுமே பிடிக்காது. "இதெல்லாம் ஒரு பாட்டா? பத்து வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும்டா நீங்க!" என்பார். ஆனாலும் ஒரு பாட்டைக்கூட விட்டதில்லை.

ஆமையார் ஒரு சட்டமும் போட்டிருந்தார். ஒரு வருஷத்தின் முதல் பாட்டு எது என்று தீரும்வரை புதுப் பாட்டு எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பழைய பாட்டு காதில் கலங்கிப்போகுமாம். தவளைகளும் பாவம், அதற்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு கிடந்தன. கேட்க வருவது இந்த மூன்று பேர்தானே!

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குட்டையில் பூளையனின் முழங்கால் அளவுதான் தண்ணீர்.

ஒரு நாள் காலையில் தம்பட்டன் கரையேறி வந்தான். அத்தனை பாட்டையும் கட்டியவன் அந்தப் பெருந்தவளைதான்.

"பூளையா, ஒரு சின்ன உதவி தம்பி! தென்கரையில நண்டு வளை போட்டுட்டுப் போயிடுச்சு. தண்ணி அது வழியா ஒழுகுது. நாங்க வாயில மண்ணு கொண்டுவந்து அடைச்சுப் பார்த்தோம், கரைஞ்சு போகுது. உன் பின்னங்காலால நாலு உதை மண்ணு தள்ளினா நின்னுடும்!"

"அதுக்கென்ன அண்ணே! இதோ வர்றேன்!"

"இன்னும் பத்து நாள் தண்ணி நின்னாப் போதும். பிள்ளைகளுக்குக் கால் முளைச்சிடும். புதுப் பாட்டு ஒண்ணு கட்டியிருக்கேன். கடைசிப் பகுதியை அதுங்கதான் பாடணும். நாப்பது இளந்தொண்டை, தம்பி!"

"புதுப் பாட்டுப் பேச்சை எடுக்காதீங்க!" என்று கீரி காதைப் பொத்திக்கொண்டான். பிறகு பூளையன் பக்கம் திரும்பினான். "நீ பதில் சொல்லிட்டுப் போ! 'வாடை'ப் பாட்டு போன வருஷக் கணக்கா, அதுக்கு முந்தின வருஷக் கணக்கா? பழைய வருஷத்தில ஆரம்பிச்சு, புது வருஷம் பிறந்த பிறகுதானே முடிச்சாங்க!"

பூளையனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா போக முடியுமா? 'வாடை' கணக்கில் வந்தால் 'ஏழு மடை' ஒரு படி இறங்கிவிடுமே! "ஆரம்பிச்ச வருஷம்தான் கணக்கு!" என்று உட்கார்ந்தான். "இல்லை, முடிச்ச வருஷம்!" என்றான் கீரி. தம்பட்டன் வெயிலில் கொஞ்ச நேரம் காத்திருந்தான். தோல் காய ஆரம்பித்ததும் தண்ணீருக்குத் திரும்பினான்.

பூளையன் கெட்டவன் இல்லை. மறுநாள் போகலாம் என்றுதான் நினைத்தான். மறுநாளும் அப்படித்தான் நினைத்தான்.

ஐந்தாம் நாள் தம்பட்டன் மறுபடி வந்தான். குட்டையில் தண்ணீர் பாதியாகிவிட்டது. மற்ற பெரிய தவளைகள் எல்லாம் ஓடைப் பக்கம் தத்திப் போய்விட்டன. தலைப்பிரட்டைகள் எங்கே போகும்? அவற்றுக்காக அவன் ஒருவன்தான் மிச்சம்.

"தம்பி, உன் காலில விழறேன். நாலு உதை!"

பூளையனுக்கு வெட்கமாகிவிட்டது. "வாங்க அண்ணே, இப்பவே!" என்று எழுந்து நாலு அடி எடுத்து வைத்தான்.

பின்னால் கீரி ஆமையாரிடம் சொன்னான்: "என்ன சொல்லுங்க, 'ஏழு மடை' நடுவில சவசவன்னு இழுக்குது. சும்மா நீளத்துக்காக நீட்டியிருக்காங்க!"

பூளையன் நின்றான். காது இரண்டும் விறைத்தன. திரும்பினான்!

"இழுக்குதா? அந்த இடத்திலதான்டா நாலாவது மடை திறக்குது! உனக்குக் காது இருக்கா, இல்லை வெறும் ஓட்டையா?"

தம்பட்டன் குறுக்கே வந்தான். "ஐயா, பாடினவன் நான் சொல்றேன், அதில நடுப்பகுதி கொஞ்சம் நீளம்தான். விடுங்க. இனிமே பாடப்போறதுதான் நல்ல பாட்டு. அதுக்குத் தண்ணி வேணும்!"

மூவரும் ஒன்றாகச் சீறினார்கள். அந்தக் கரையில் மூவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

"பாடுறவனுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் ஆமையார்.

"நடுப்பகுதியைக் குறை சொல்ல நீங்க யாரு?" என்று கத்தினான் பூளையன்.

தம்பட்டன் அவனை ஒரு முறை பார்த்தான். குட்டைக்குள் இறங்கிப் போனான். அதற்கப்புறம் அவன் கரையேறவில்லை.

பத்தாம் நாள் கீரி களைத்துவிட்டான். "சரிப்பா, ஆளை விடு! 'ஏழு மடை'தான் முதல் பாட்டு, போ!"

ஆமையாரும் தலையை ஆட்டினார். தூக்கத்தில்தான் ஆட்டினார், இருந்தாலும் ஆட்டினார் அல்லவா! பூளையன் ஆள் உயரத்துக்குக் குதித்தான். "அண்ணே! தம்பட்டண்ணே! ஜெயிச்சிட்டோம்! சட்டம் தீர்ந்தது! புதுப் பாட்டைப் பாடலாம்!" என்று கூவிக்கொண்டே சரிவில் பாய்ந்தான்.

பாதங்கள் சளப்பென்று தண்ணீரில் இறங்கவில்லை. வறண்ட சேற்றில் தட்டின.

குட்டை பாளம் பாளமாக வெடித்திருந்தது. சேற்றோடு சேறாகக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. பூளையன் குனிந்து பார்த்தான். சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது.

நடுவில் கையகல ஈரத்தில் தம்பட்டன் கிடந்தான். வயிற்றை ஒரு குழியின்மேல் கவிழ்த்து, வெயில் படாமல் மறைத்திருந்தான். அந்தக் குழியிலும் எதுவும் அசையவில்லை.

பூளையன் அலறிக்கொண்டு தென்கரைக்கு ஓடினான். நண்டு வளையைப் பார்த்தான். திரும்பி நின்று பின்னங்காலால் உதைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! வளை அடைபட்டுவிட்டது. மூச்சுக்கூட வாங்கவில்லை. இவ்வளவுதானா வேலை? இவ்வளவுக்கா பத்து நாள்?

ஓடி வந்து தம்பட்டன் பக்கத்தில் விழுந்தான். "அடைச்சிட்டேன் அண்ணே! அடைச்சிட்டேன்!"

தம்பட்டன் ஒரு கண்ணைத் திறந்தான். "எது ஜெயிச்சது?"

"'ஏழு மடை'..." முயலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அண்ணே, புதுப் பாட்டு... ஒரே ஒரு அடி சொல்லுங்க! நான் பிடிச்சுக்கறேன். எனக்குத் தாளம் தப்பாது!"

தம்பட்டன் விரலால் சேற்றில் தட்டினான். ஒரு தட்டு. இன்னொன்று. பூளையன் காதை நீட்டிக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

பாட்டுச் சத்தமே வராததால் கீரியும் ஆமையாரும் இறங்கி வந்தார்கள். பார்த்தார்கள். கொஞ்ச நேரம் துக்கமாகத்தான் நின்றார்கள்.

பிறகு ஆமையார் தொண்டையைச் செருமினார். "அப்போ இந்த வருஷத்துக்கு முதல் பாட்டுன்னு எதை வைக்கிறது?"

"பாடாமப் போன பாட்டைத்தான் வைக்கணும்!" என்றான் கீரி.

"கேக்காத பாட்டைக் கணக்கில சேர்க்கலாமா? சட்டம் என்ன ஆகிறது?"

பேசிக்கொண்டே இருவரும் கரையேறிப் போனார்கள். பூளையன் போகவில்லை.

அடுத்த வருஷம் அடைமழை கொட்டியது. நண்டு வளை நன்றாக அடைபட்டிருந்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை. குட்டை கரை தொட நிறைந்து நின்றது. ஓடைக்குப் போன தவளைகள் மட்டும் திரும்பி வரவில்லை. பொழுது சாயும்போதெல்லாம் பூளையன் வந்து உட்கார்ந்து காதை நீட்டிக்கொள்வான். மழை விழுகிற சத்தத்தைத் தவிர அங்கே எதுவும் கேட்காது. அவன் இரண்டு தட்டுத் தட்டுவான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது.

குழந்தைகளே, பெரியவர்களே, உதவி கேட்டு ஒருவன் வாசலில் நிற்கும்போது அப்படி நிற்பவனின் பெருமையையே பேசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவன், அவனிடம் ஒருநாளும் அன்பு வைத்தவன் அல்ல.